சுவிசேஷம் சொல்லக் கிளம்பும் முன்: புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்குச் சில படிகள்

எழுப்புதல் கூட்டம் (விசுவாசம் புதிதாக உயிர்பெற வேண்டி நடத்தும் கூட்டம்) முடிந்த மறுநாள் காலையில் கை கால் பரபரக்கும். யாரிடமாவது போய்ச் சொல்லியே ஆகவேண்டும் என்றிருக்கும். மூன்று நாள் மஞ்சக்குப்பம் மைதானத்தில் உட்கார்ந்து, தொண்டை கட்டப் பாடி, கடைசி நாள் முன்னால் போய் முழங்கால் போட்டு வந்தவருக்கு அது இயல்புதான். எனக்கும் இருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் அப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். கடை திறந்ததும் முதல் வேலையாகப் பச்சைத் தாளில் ஐந்நூறு சுவிசேஷக் கைப்பிரதி ஓட்டினேன். சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டில் நின்று அத்தனையையும் கொடுத்தும் முடித்துவிட்டேன்.

எங்கள் எதிர்வீட்டுக்கு மட்டும் கொடுக்கவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கம் புதிதாகச் சபைக்கு வந்து, அக்கம்பக்கத்தாரிடம் இயேசுவைப் பற்றி எப்படிப் பேசுவது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்த எதிர்வீட்டுக் கதையைத்தான்.

முதல் படி: எழுப்புதல் யாருக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

"உமது ஜனங்கள் உம்மில் மகிழ்ந்திருக்கும்படி நீர் எங்களைத் திரும்ப உயிர்ப்பிக்கமாட்டீரோ?" என்று 85-ஆம் சங்கீதம் கேட்கிறது. 'எங்களை' என்றுதான் இருக்கிறது. ஊரை உயிர்ப்பியும், எதிரியை உயிர்ப்பியும் என்று இல்லை. நாமோ எழுப்புதல் என்றதும் ஊர் மாறுவதை நினைக்கிறோம், மைதானம் நிறைவதை நினைக்கிறோம்.

தமிழ்நாட்டுக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1860-இல் திருநெல்வேலிப் பக்கம் அருளப்பன் ஐயா என்ற தமிழ் ஊழியரின் சபைகளில் எழுப்புதல் உண்டானபோது முதலில் அழுதவர்கள் ஏற்கெனவே ஞானஸ்நானம் வாங்கியிருந்தவர்கள். 1905-இல் அதே திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரிலும் அப்படித்தான். 1930-களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் பரவிய எழுப்புதலில், வெள்ளைக்கார மிஷனெரிகள் தங்களோடு வேலை செய்த ஆப்பிரிக்கர்களிடம் 'உங்களைத் தாழ்வாக நினைத்தோம்' என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். சொல்லிக்கொடுக்கப் போனவர்கள் முதலில் தாங்கள் மனந்திரும்ப வேண்டியிருந்தது. வெளியில் இருந்தவர்கள் வந்தது அதற்குப் பிறகு.

ஆகவே கூட்டத்துக்குப் போய்வந்த சூட்டோடு தெருவில் இறங்காதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். அந்த ஒரு வாரத்துக்கு வேலை இருக்கிறது.

இரண்டாம் படி: பரிசேயனின் ஜெபத்தை நிதானமாகப் படியுங்கள்

லூக்கா 18. ஆலயத்துக்கு இரண்டு பேர் ஜெபம்பண்ணப் போகிறார்கள். ஒருவன் பரிசேயன், வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்கிற யூதப் பிரிவைச் சேர்ந்தவன். மற்றவன் ஆயக்காரன், வரி வசூலிக்கிறவன், ஊரார் பாவி என்று ஒதுக்கிவைத்தவன். பரிசேயன் சொல்கிறான்: வாரத்தில் இரண்டு தரம் உபவாசிக்கிறேன், என் சம்பாத்தியத்திலெல்லாம் தசமபாகம் செலுத்திவருகிறேன். ஆயக்காரன் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்கிறான்.

ஞாயிறு பள்ளியில் இதைப் படித்தபோது பரிசேயன் ஒரு மாய்மாலக்காரன், பொய்யன் என்று மனதில் பதிந்துவிட்டது. வெகு காலம் கழித்துத்தான் கவனித்தேன்: அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. உபவாசம் இருந்தது உண்மை. தசமபாகம் கொடுத்தது உண்மை. விபசாரம் செய்யாததும் உண்மையாகத்தான் இருக்கும். போதாததற்கு, 'உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்' என்று எல்லாவற்றுக்கும் கடவுளுக்கு நன்றியும் சொல்கிறான். நம் சாட்சி நேரத்தில் எழுந்து இதைச் சொன்னால் சபையே 'ஆமென்' என்று சொல்லும். அவன் ஜெபத்தில் பழுது ஒரே இடத்தில்தான்: 'இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்.' ஜெபம்பண்ணும்போதே ஓரக்கண்ணால் பக்கத்தில் நிற்பவனை அளந்துகொண்டிருக்கிறான்.

சுயநீதி, அதாவது தன்னையே நீதிமானாக நினைத்துக்கொள்வது, பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் வரும். தப்பு செய்கிறவர்களைவிட ஒழுங்காக இருக்கிறவர்களிடம்தான் அது சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவருக்கு முதல் ஆறு மாதம் இது இருக்காது. ஆயக்காரனின் ஜெபம் இன்னும் நாக்கில் இருக்கும். குடியை விட்டு, சினிமாவை விட்டு, வார உபவாசம் பழகிய பிறகுதான் ஓரக்கண் திறக்கும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு வாரம், 'நல்லவேளை, நான் அப்படி இல்லை' என்று மனதில் ஓடும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு வரி எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். என் நோட்டில் முதல் மூன்று நாளில் சேர்ந்தவை: டாஸ்மாக் வாசலில் நின்ற என் பழைய நண்பன். கூழ் ஊற்ற வசூலுக்கு வந்த பையன்கள். சபைக்குக் கம்மல் போட்டுக்கொண்டு வந்த ஒரு சகோதரி (நாங்கள் நகை போடாத சபை, வெறும் காதுக்கும் ஒரு பெருமை உண்டு என்று அன்றுதான் தெரிந்தது). 'அவங்க ஆர்.சி.தானே' என்று நான் சொன்ன ஒரு குடும்பம். கடைசியாக, ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வாட்ஸப் குழுவில் நான் போட்ட ஒருவரின் குடும்ப விஷயம். இதில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். உள்ளே இருக்கிறவர்களை அளக்கிற கண்தான் வெளியே போயும் அளக்கும்.

வார்த்தைகளையும் பாருங்கள். 'உலகத்தார்', 'புறஜாதியார்', 'இருளில் இருக்கிறவர்கள்' என்று ஜெபத்தில் சொல்கிறோமே, அந்த இடத்தில் எதிர்வீட்டுக்காரரின் பெயரைப் போட்டு ஒரு முறை சொல்லிப் பாருங்கள். அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் அதே ஜெபத்தைச் செய்வீர்களா? செய்யமாட்டீர்கள் என்றால் ஜெபத்தை மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நோட்டு எழுதுவதே ஒரு பெருமையாகிவிடும். 'நான் எவ்வளவு தாழ்மையாக என்னை ஆராய்கிறேன்' என்று எனக்கு ஐந்தாவது நாளே வந்துவிட்டது. அதையும் ஒரு வரியாக எழுதிவிட்டு நோட்டை மூடுங்கள். வாரக்கணக்கில் தன்னையே கிண்டிக்கொண்டிருப்பதும் தன்னைப் பற்றிய நினைப்புதான். பவுல் 'சுயநீதியை உடையவனாயிராமல்' என்று எழுதுகிற இடத்தில் (பிலிப்பியர் 3:9) கையோடு கிறிஸ்துவைப் பற்றும் விசுவாசத்துக்குப் போய்விடுகிறார். பழைய குப்பையில் உட்கார்ந்திருக்கவில்லை.

மூன்றாம் படி: சாதி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பகுதியில் சுயநீதிக்கு இதைவிடப் பழைய பெயர் கிடையாது.

புதுச்சேரி மிஷன் வீதியில் சம்பா கோவில் என்ற கத்தோலிக்க தேவாலயம் இருக்கிறது. இன்று நிற்கும் கட்டடத்துக்கு முன்பு அங்கே இருந்த கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். அந்தச் சுவர் இடிக்கப்பட்டதையும் அதனால் எழுந்த சண்டையையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745-இல் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கடலூர்ப் பக்கம் வந்தால், சாதி விஷயத்தில் லைப்சிக் மிஷன் என்ற ஜெர்மன் லுத்தரன் மிஷனோடு ஒத்துப்போக முடியாமல் பிரிந்த கார்ல் ஓக்ஸ், 1860-களின் தொடக்கத்தில் பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்று ஒரு ஊழியத்தைத் தொடங்கினார். அது டேனிஷ் மிஷன் ஆயிற்று. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதிலிருந்து வளர்ந்ததுதான்.

சரி, அதெல்லாம் பழைய கதை என்று சொல்ல ஆசைதான். உங்கள் சபையில் கல்யாணப் பேச்சு எப்படி நடக்கிறது, கல்லறையில் யார் எங்கே என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தெருவில் இருக்கிறவர்களுக்கு நம் வசனம் தெரியாது, இது தெரியும். 'உங்க சாமி எல்லாரையும் ஒண்ணுன்னு சொல்லுதா? அப்ப உங்க சர்ச்சுல ஏன் ரெண்டு?' என்று கேட்டால் பதில் வைத்திருக்கிறீர்களா? நோட்டில் இதற்கென்று ஒரு பக்கம் விடுங்கள்.

நான்காம் படி: கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேளுங்கள்

இப்போது எதிர்வீட்டுக்கு வருகிறேன்.

நான் கூட்டத்துக்குப் போய்வருவதற்கு முந்தைய வருஷம், விநாயகர் சதுர்த்தியன்று எதிர்வீட்டு அக்கா ஒரு எவர்சில்வர் தட்டில் கொழுக்கட்டை கொண்டுவந்தார். மேலே வாழையிலைத் துண்டு மூடியிருந்தது. கூடவே அவருடைய சின்னப் பையன், புதுச் சட்டையில். நான் கேட்டைக்கூடத் திறக்கவில்லை. "நாங்க சிலைக்குப் படைச்சதெல்லாம் சாப்பிடமாட்டோம்" என்றேன். சத்தமாகவே சொன்னேன், என் விசுவாசம் தெருவுக்குக் கேட்கட்டும் என்று. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. இலை காற்றில் தூக்கிக்கொண்டது. அதை ஒரு விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே திரும்பிப் போனார். பையன் மட்டும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

அன்று வீட்டுக்குள் வந்து ஜெயித்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். பிறகு சில வருஷங்கள் அந்த வீட்டோடு பேச்சே இல்லை. பச்சைத் தாள் கைப்பிரதி அங்கே போகாததற்கு அதுதான் காரணம். யாரென்றே தெரியாத ஐந்நூறு பேருக்குக் கொடுக்க முடிந்தது. என்னைத் தெரிந்த ஒருவருக்குக் கொடுக்க முகம் இல்லை.

படைத்ததைச் சாப்பிடலாமா கூடாதா என்பது வேறு கேள்வி. 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களைப் போதகர் ஐயாவோடு உட்கார்ந்து படித்து உங்கள் மனசாட்சிப்படி முடிவெடுங்கள். சாப்பிடுவதில்லை என்று முடிவெடுத்தாலும் சொல்லும் விதம் இருக்கிறது. கேட்டைத் திற, உட்காரச் சொல், பண்டிகையை விசாரி. அப்புறம், "படைச்சது மட்டும் நான் சாப்பிடறதில்லக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. படைக்காம எடுத்து வச்சது இருந்தா குடுங்க" என்று கேள். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் கிறிஸ்தவ, முஸ்லிம் சிநேகிதருக்கென்று படைப்பதற்கு முன்பே தனியாக எடுத்துவைக்கிற வழக்கம் உண்டு. நம்மைவிட அவர்கள் முந்திக்கொண்டு யோசித்திருக்கிறார்கள்.

மத்தேயு 5:23, 24 காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறது. மன்னிப்புக் கேட்கும்போது மூன்று விஷயம். செய்ததை அப்படியே பெயர் சொல்லிக் கேளுங்கள். 'ஏதாவது தப்பா பேசியிருந்தா' என்று கேட்பது மன்னிப்பே இல்லை. 'ஆனா' என்ற சொல்லைச் சேர்க்காதீர்கள். முக்கியமாக, அதன் வாலில் சுவிசேஷத்தைக் கட்டாதீர்கள். 'மன்னிச்சுக்குங்க, இயேசுதான் என்னை மாத்தினார், நீங்களும்...' என்று இழுத்தால், மன்னிப்பே கைப்பிரதி கொடுப்பதற்கான சாக்கு என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். மன்னிப்புக் கேளுங்கள், வீட்டுக்கு வாருங்கள்.

ஐந்தாம் படி: கொடுப்பதற்கு முன் வாங்கப் பழகுங்கள்

இதையெல்லாம் நானாகப் புரிந்துகொண்டு செய்யவில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் அடித்தது. பலாவும் முந்திரியும் சாய்ந்து கிடந்ததைப் பத்திரிகைகள் படம் போட்டன. ஊருக்குள் எங்களுக்கு வந்த கஷ்டம் தண்ணீர். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது. எங்கள் தெருவில் அடிபம்பு இருந்தது ஒரே வீட்டில், எதிர்வீட்டில்.

குடத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கேட்டுக்கு வெளியே நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. அக்காவே பார்த்துவிட்டார். "ஏன் தம்பி வெளிய நிக்கற, உள்ள வா" என்றார். நான் அடித்தேன், முதல் இரண்டு அடிக்குக் காற்றுதான் வந்தது. "மெதுவா அடி, வாஷர் தேஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அவரே ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றினார். அப்புறம் வந்தது. கொழுக்கட்டைக்கு மன்னிப்பை அந்த பம்பு மேடையில்தான் கேட்டேன். "அத இன்னுமா ஞாபகம் வச்சிருக்க?" என்றார். அவருக்கும் ஞாபகம் இருந்தது, அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது.

யோவான் 4-ஐ அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு பேசிய முதல் வார்த்தை, "தாகத்துக்குத் தா." ஜீவதண்ணீரைப் பற்றிய பேச்சு பின்னால் வருகிறது. முதலில் அவர் கேட்கிறார். அதுவும் யூதர்கள் சம்பந்தம் கலவாத சமாரியரின் கையால். நாமோ எப்போதும் கொடுக்கிறவராகவே போகிறோம். கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே. அந்த உயரத்தில் நின்று சொல்கிற எந்த நற்செய்தியும் உபதேசமாகத்தான் காதில் விழும்.

ஆகவே அக்கம்பக்கத்தில் ஏதாவது கேட்டு வாங்குங்கள். ஏணி, கறிவேப்பிலை, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர ஒரு மணி நேரம். நடிப்புக்காக வேண்டாம், உண்மையில் தேவைப்படுவதையே கேட்டால் போதும்.

ஆறாம் படி: கேட்டுக்கொள்ளுங்கள்

நம் மாவட்டத்தில் வாழ்கிறவர்களுக்குப் பக்தி புதிதல்ல. பண்ருட்டிப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்த அப்பர், தன் குற்றங்களைச் சொல்லி உருகிப் பாடியவர். வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமச்சாலையில் இன்றும் பசித்து வருகிறவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். இந்த மண்ணில் வளர்ந்தவரிடம் போய், 'பாவம் என்றால் என்ன தெரியுமா, இரக்கம் என்றால் என்ன தெரியுமா' என்று பால பாடம் எடுத்தால் மனதுக்குள் சிரிப்பார். எல்லாம் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. வித்தியாசம் உண்டு, அதைச் சொல்லத்தான் போகிறோம். ஆனால் எதிரில் இருப்பவர் எதை நம்புகிறார், எதற்காக விரதம் இருக்கிறார் என்று கேட்காமல் எந்த வித்தியாசத்தைச் சொல்வீர்கள்?

அவர்கள் சாமியை இழிவாகப் பேசவே வேண்டாம். அப்போஸ்தலர் 19-இல் எபேசுவில் பெரிய கலவரம். அப்போது அந்த ஊர் அதிகாரியே எழுந்து பவுலின் கூட்டாளிகளைப் பற்றிச் சொல்கிறான்: இவர்கள் "உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களுமல்ல." கிறிஸ்தவரல்லாத ஒருவன் கொடுத்த நற்சாட்சி அது.

ஏழாம் படி: சொல்லுங்கள்

யாராவது கேட்கும்போது. பேதுரு அப்படித்தான் எழுதுகிறார்: "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" (1 பேதுரு 3:15). ஆறு படியும் ஏறியிருந்தால் கேட்பார்கள்.

மூன்று நிமிஷத்துக்குள் முடியுங்கள். இரட்சிப்பு, அபிஷேகம், மறுபடி பிறத்தல் எல்லாம் சபைக்குள் புழங்கும் சொற்கள். டீக்கடையில் சொல்கிற தமிழில் சொல்லிப் பழகுங்கள். 'முன்பு குடித்தேன், இப்போது குடிப்பதில்லை' என்று மட்டும் முடிகிற சாட்சி பரிசேயனின் ஜெபத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இன்றைக்கும் உங்களுக்கு முடியாத ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். நான் சொல்வது இதுதான்: "எனக்குக் கோபம் இன்னும் போகலக்கா. பிள்ளைங்களைக் கத்திடறேன். ஆனா கத்திட்டு முன்ன மாதிரி நியாயம் பேசறதில்ல. என்னை மன்னிச்ச ஒருத்தர் இருக்கார்னு நம்பறேன், அதனால போய் மன்னிப்புக் கேக்க முடியுது." அப்புறம் சிலுவையைப் பற்றிச் சொல்லலாம். கதை கேட்கிற மனநிலையில் இருந்தால் லூக்கா 15-இல் சொத்தை அழித்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பிவந்த இளைய குமாரன் கதை எந்த வீட்டிலும் எடுபடும். மூத்தவனை விட்டுவிடாதீர்கள், வீட்டைவிட்டு எங்கும் போகாமலே தகப்பனைவிட்டு விலகி நின்ற அவன்தான் நாம்.

சில 'கூடாது'களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளிடம் பேசக்கூடாது. பணம், வேலை, சுகம் என்று ஆசை காட்டக்கூடாது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருப்பவரை வற்புறுத்தக்கூடாது. அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் இன்னொருவரை மதம் மாற்றுவது அந்த உரிமைக்குள் வராது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டம் இருக்கட்டும், மனுஷ மரியாதையே இதைத்தான் சொல்லும்.

நிவாரணப் பையில் கைப்பிரதி வேண்டாம். தானே சமயத்தில் நான் ஐந்து கிலோ அரிசிப் பைகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுத்தேன். தேவனாம்பட்டினத்தில் ஒரு பெரியவர் பையைத் திறந்து, அந்தத் தாளை எடுத்து, நாலாக மடித்து என் சட்டைப் பையில் செருகிவிட்டு, அரிசியைத் தூக்கிக்கொண்டு போனார். கோபமாகக்கூட இல்லை.

எட்டாம் படி: 'வேண்டாம்' என்றால்

வேண்டாம் என்றால் சரி. அடுத்த நாளும் அதே மாதிரி சிரித்துப் பேசுங்கள். 'இத்தனை மாசம் பழகினது வீண்' என்று மனதில் வந்தால் நோட்டைத் திறங்கள். யோனா தீர்க்கதரிசி பிரசங்கித்தான், நினிவே ஊரே கேட்டு மனந்திரும்பியது; அப்படியும் அவன் எரிச்சலோடு ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்தான். ஊழியம் பலித்தும் சுயநீதி போகாது என்பதற்கு அவனே உதாரணம்.

யாராவது 'எனக்காக வேண்டிக்கோ' என்றால் அங்கேயே ஜெபியுங்கள். சின்னதாக. ஜெபத்துக்குள் பிரசங்கத்தை ஒளித்துவைக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் கடவுளைக் காட்டிக் குத்திப் பேசுவது எனக்குக் கொஞ்சம் கோழைத்தனமாகவே படுகிறது.

எதிர்வீட்டு அக்கா இன்றும் வெள்ளிக்கிழமை பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்தான். போன வருஷம் பையனுக்கு வேலைக்கான இன்டர்வியூ. அதே கொழுக்கட்டைப் பையன். காலையில் கேட்டுக்கு வந்து, "உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லு தம்பி" என்றார். அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, 'ஆண்டவரே, இவன் பயப்படாமல் பேச உதவி செய்யும், பஸ் நேரத்துக்கு வரட்டும், வீட்டில் அம்மா நிம்மதியாக இருக்கட்டும்' என்று சொல்லி ஆமென் போட்டேன்.

அக்கா கண்ணைத் திறந்து, "அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான்க்கா."

"நான் காபி அடுப்புல வச்சிட்டு வந்துட்டேன், பொங்கிடப்போவுதுன்னு பயந்துகிட்டே நின்னேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் எனக்கும் ஒரு டம்ளர் வந்தது.